கடைசி அடுப்பின் வெப்பம்

அலகு எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. பாலிடெக்னிக்கில் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடத்திலிருந்து இதுதான் என் வழக்கம். எண் சரியாக இருக்கும், போட்ட வழியும் சரியாக இருக்கும், பக்கத்தில் 'வாட்' என்ற ஒரு சொல் மட்டும் இருக்காது. சிவப்பு மையில் ஒரு சுழி போட்டுவிடுவேன். பிள்ளைகள் எனக்கு 'அலகு மேடம்' என்று பெயர் வைத்திருப்பது தெரியும். அதில் வருத்தம் இருந்ததில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. எதையும் சரியாகச் செய்கிற ஆள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு இன்னொருத்தியின் இரண்டு வருடங்களை என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நடத்துவது வெப்பவியல். அதில் வெப்பப் பாய அடர்த்தி என்று ஒரு பாடம் வரும். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. ஓர் அடுப்பில் மொத்தம் எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்பது ஒரு கணக்கு. எதிரே இருக்கிற ஒரு பரப்பின் மேல், இத்தனை நேரத்தில், அதில் எவ்வளவு வந்து விழுகிறது என்பது வேறு கணக்கு. இரண்டாவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பெரிய அடுப்பு பத்தடி தள்ளி எரிந்தால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. சின்ன அடுப்பு முழங்காலை ஒட்டி எரிந்தால் தோல் காந்தும். அடுப்பு எவ்வளவு பெரியது என்று தோலுக்குத் தெரியாது. தன் மேல் விழுகிற பங்குதான் அதற்குத் தெரியும்.

இதை ஆளுக்கொரு விதமாக அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்பது இன்றைய வழக்கம். கொதிகலன் வேலை பார்த்த பழைய ஆட்கள் ஒரு மணி நேரத்துக்கு, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிலோகலோரி என்பார்கள். அதை வாட்டாக மாற்ற ஒன்று புள்ளி ஒன்று ஆறு மூன்றால் பெருக்கினால் போதும். பிரிட்டிஷ்காரன் வழியில் வந்த கருவிகள் பி.டி.யூ. என்ற வெப்ப அலகில் பேசும். ஒரு மணி நேரத்துக்கு, ஒரு சதுர அடிக்கு, இத்தனை பி.டி.யூ. இங்கே மாற்ற வேண்டியவை மூன்று. பி.டி.யூ.வை ஜூலாக்க வேண்டும், மணியை விநாடியாக்க வேண்டும், சதுர அடியைச் சதுர மீட்டராக்க வேண்டும். மூன்றையும் சேர்த்தால் மூன்று புள்ளி ஒன்று ஐந்து ஐந்தால் பெருக்கவேண்டி வரும். இதைக் கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, "மூணுல ஒண்ண விட்டாலும் மொத்தமும் போச்சு" என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

எங்கள் கல்லூரியிலிருந்து ஆத்தூர் பக்கம் போகிற சாலையில் சேகோ பேக்டரிகள் அதிகம். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நிற்கும் மாதங்களில், பஸ் ஜன்னலை மூடினாலும் புளித்த தண்ணீரின் வாடை உள்ளே வந்துவிடும். அந்த வாடைக்கு நடுவில்தான் ஜவ்வரிசி உருவாகிறது. கிழங்கு மாவை ஈரத்தோடு உருட்டிச் சலித்து, தேங்காயெண்ணெய் தடவிய சூடான இரும்புத் தட்டில் கொட்டி வறுப்பார்கள். பிறகு சிமெண்ட் களத்தில் காயப் போடுவார்கள். வறுக்கிற இடத்தில் பெரும்பாலும் பெண்கள்தான் நிற்பார்கள். காலையில் நின்றால் மத்தியானம் வரை, மத்தியானம் நின்றால் பொழுது சாயும் வரை.

அப்படி ஒரு பேக்டரியின் முதலாளி ஒரு நாள் கல்லூரிக்கு வந்தார். அவர் தம் அடுப்புகளை இடம் மாற்றிக் கட்டியிருந்தார். முன்பு இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்த ஆறு அடுப்புகள் இப்போது ஒரே வரிசையில், கடைசி அடுப்பு சுவர் மூலையில். மூலை அடுப்பில் நிற்கிற அம்மா, சூடு தாங்கவில்லை என்று தினமும் முறையிடுகிறாராம்.

"காலுக்கு முன்னால ஒரு தகடு மறைப்பு வெச்சா ஆச்சுங்க மேடம். ஆனா ஒருத்தருக்கு வெச்சா ஆறு பேரும் கேப்பாங்க. நீங்க வந்து அளந்து ஒரு பேப்பர் குடுத்துடுங்க. ஜாஸ்தின்னு வந்தா நாளைக்கே வெச்சுடறேன். இல்லைன்னு வந்தா அவங்களும் சும்மா இருப்பாங்க, நானும் சும்மா இருப்பேன்" என்றார்.

அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. என் பேப்பர் என்ன சொல்கிறதோ அதைச் செய்யத் தயாராக இருந்தார். ஆக, அந்த அம்மாவின் காலுக்கு முன்னால் ஒரு தகடு வருமா வராதா என்பது என் கையில் வந்து சேர்ந்தது.

எங்கள் ஆய்வகத்தில் வெப்பப் பாயம் அளக்கும் பழைய கருவி ஒன்று இருந்தது. எங்கோ ஒரு மில்லை மூடியபோது கல்லூரிக்கு வந்தது. மரப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும், ஊசி இன்றும் பிசகாது. அதன் முகப்பில் பி.டி.யூ. கணக்குத்தான் அச்சிட்டிருக்கும். அதை எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன்.

அந்த அம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கலாம். வெண்ணந்தூர் பக்கத்துக் கிராமம். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரு சாக்கைக் கட்டியிருந்தார். நான் கருவியை நிறுத்தும்போது சாக்கை விலக்கி, சேலையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலுக்குக் கீழே காட்டினார். தோலில் பழுப்பும் கறுப்புமாகக் கோடுகள், வலை விரித்தது போல.

"முன்னால இப்பிடி இல்லீங்க டீச்சர். இந்த மூலைக்கு மாத்துனதுல இருந்துதான். ஊட்டுக்குப் போயிப் படுத்தாக்கூட காலு காந்துதுங்க" என்றார்.

ஏதோ தேமல் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. "அளந்து பாத்துடலாங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஊசியைப் பார்த்தேன். ஐந்நூற்று அறுபதில் நின்றது. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் அதே இடம். குறித்துக்கொண்டேன். அளந்ததில் ஒரு குறையும் இல்லை. இதை இன்றும் சொல்வேன்.

குறை வந்தது மேசையில். அன்று மாலையே அறிக்கைப் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். பி.டி.யூ.வை ஜூலாக்கினேன். மணியை விநாடியாக்கினேன். ஐந்நூற்று அறுபது, நூற்று அறுபத்து நான்காக மாறியது. படிவத்தில் அந்தக் கட்டத்தின் தலைப்பில் 'வாட் / சதுர மீட்டர்' என்று ஏற்கெனவே அச்சிட்டிருந்தது. அதன் கீழே 164 என்று எழுதினேன். சதுர அடியை நான் தொடவே இல்லை.

ஏன் தொடவில்லை என்று பின்னால் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். சோர்வு, அவசரம் என்று எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அது உண்மை இல்லை. நான் பிறந்தது அறுநூறு சதுர அடி வீட்டில். அப்பாவின் தறிக் கொட்டகை நானூறு சதுர அடி. வெளிநாட்டுக்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். துணியை மீட்டரில் நெய்து, பாலை லிட்டரில் வாங்கி, வெல்லத்தைக் கிலோவில் நிறுத்து, கடைசியில் எல்லாவற்றையும் கொண்டுபோய் வைப்பது சதுர அடியில்தான். கோழிப் பண்ணைக்காரர் ஷெட்டைச் சதுர அடியில் சொல்வார். சாலையோரத்து மனை விளம்பரம் சதுர அடியில் நிற்கும். கல்யாண மண்டபம், கூரைத் தகரம், தரைக்குப் போடும் டைல்ஸ், எல்லாமே அப்படித்தான். பி.டி.யூ. எனக்கு அந்நியம், அதைக் கண்டதும் மாற்றினேன். சதுர அடி அந்நியமாகத் தெரியவில்லை. அதை ஓர் அலகாகவே என் கண் பார்க்கவில்லை, நான் நிற்கும் தரையாகத்தான் பார்த்தது.

என்னிடமிருந்த அட்டவணைப்படி, ஒரு மனிதர் தொடர்ந்து நிற்கிற இடத்தில் சதுர மீட்டருக்கு ஆயிரத்து ஐந்நூறு வாட்டை நெருங்கக் கூடாது. எனக்கு வந்தது நூற்று அறுபத்து நான்கு. கேள்விக்கே இடமில்லை என்று நினைத்தேன். எழுதியது போதாதென்று, படிக்கிறவர்களுக்குப் புரியட்டுமே என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். 'இது சேலத்து மதிய வெயிலில் ஒருவர் மேல் விழும் வெப்பத்தில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை.' எழுதி முடித்தபோது அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. கல்லூரியின் வட்ட முத்திரையை வாங்கிப் போட்டு, நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டீ நேரம். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சத்தமாக வாசித்தார். பெண்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

அந்த அம்மா என்னிடம் வந்தார். "நூத்தி அறுவத்தி நாலுன்னா எவ்வளவுங்க டீச்சர்?"

"வெயில்ல நின்னா விழறதுல ஆறுல ஒண்ணு கூட இல்லீங்கக்கா."

"களத்துல வெயில்லயும் நின்னிருக்கேனுங்க. அப்ப இப்பிடிக் காந்துனதில்லீங்களே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படித்துப் படித்துச் சொன்னாலும் இவர்களுக்கு ஏறாது என்கிற அந்தக் கோபத்தை ஆசிரியர்கள் அறிவார்கள். "கருவி பொய் சொல்லாதுங்கக்கா" என்றேன்.

அவர் குனிந்து தம் காலைப் பார்த்தார். "அப்ப என்ற ஒடம்புலதான் ஏதோ சூடு இருக்குதாட்டங்க" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை, கூட வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் சிரிக்கிற சிரிப்புதான். நானும் சிரித்தேன். கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தகடு வைக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வருடங்கள். இந்த அளவெடுப்பை வகுப்பில் பலமுறை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். மனிதர்கள் உணர்வை வைத்துப் பேசுவார்கள், நாம் எண்ணை வைத்துப் பேச வேண்டும் என்று முடிப்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

இரண்டு வருடம் ஆனபோது, ஓர் உள்தேர்வுக்கு வினாத்தாள் எடுக்கும்போது, புத்தகத்துக் கணக்கையே ஏன் கேட்க வேண்டும் என்று இதையே கேட்டேன். சேகோ பேக்டரியில் ஓர் அடுப்பின் முன் வெப்பப் பாய அடர்த்தி, மணிக்குச் சதுர அடிக்கு ஐந்நூற்று அறுபது பி.டி.யூ. இதை வாட், சதுர மீட்டர் கணக்கில் மாற்றுக. விடை எனக்கு மனப்பாடம். மறுபடி போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

பிற்பகல் ஆசிரியர் அறையில் திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளில் 1767 என்றிருந்தது. தவறு என்று கோடு போட்டேன். இரண்டாவது தாளிலும் 1767. பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சு, பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று ஓரத்தில் குறிப்பு எழுதினேன். ஐந்தாவது தாள் வகுப்பின் மறு கோடியில் உட்காருகிற பெண்ணுடையது. அதிலும் 1767. எனக்கு ஆத்திரமாக வந்தது. மொத்த வகுப்பும் சேர்ந்து வேலை காட்டியிருக்கிறது, நாளைக்கு ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே திருத்தினேன். ஒரே ஒரு தாளில்தான் 164 வந்திருந்தது. அதற்கு முழு மதிப்பெண் போட்டு 'நன்று' என்றும் எழுதினேன். அந்தத் தாளில் அவன் போட்ட வழியைப் படித்தேன். சதுர அடியை விட்டுவிட்டிருந்தான்.

படித்ததும் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த தாளின் பின்புறத்தில் மறுபடி போட்டேன். 1767. இன்னொரு முறை, கிலோகலோரி வழியாகச் சுற்றிப் போட்டேன். 1767. கால்குலேட்டரை மாற்றிப் போட்டேன். ஆசிரியர் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ டீ சொல்லலாமா என்று கேட்டார்கள். பத்துப் பங்குக்கும் மேலே குறைத்து எழுதியிருக்கிறேன். வெயிலில் ஆறில் ஒரு பங்கு இல்லை அது. வெயிலை விட ஒன்றரை மடங்குக்கு மேல். ஒரு மனுஷியை இரண்டு வருடம் அதில் நிற்க வைத்துவிட்டு, உனக்குச் சுடவில்லை என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் கருவியோடு முதல் பஸ்ஸில் பேக்டரிக்குப் போனேன். முதலாளியிடம் நின்றபடியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஒரு தகடுதானுங்களே மேடம்" என்று சொல்லிப் பட்டறைக்குப் போன் போட்டார். மத்தியானத்துக்குள் ஆள் வந்து, தகடும் அதற்குப் பின்னால் ஒரு கல்நார் அட்டையும் வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். அரை நாள் வேலை. நான் அங்கேயே நின்று கருவியை வைத்துப் பார்த்தேன். ஊசி நூறைத் தாண்டவில்லை. எனக்கு அழுகை வந்தது. இரண்டு வருடம் தடுத்து வைத்திருந்தது இந்த அரை நாள் வேலையை.

கடைசி அடுப்பில் இப்போது வேறொரு பெண் நின்றாள். மூன்று மாதமாக நிற்கிறாளாம். சுடவில்லையா என்று கேட்டேன். "சுடுந்தானுங்க. ஆனா சுடலைன்னு காலேஜுல எழுதிக் குடுத்துட்டாங்களாமா. அப்பறம் என்னன்னு சொல்றதுங்க?" என்றாள். எழுதிக் கொடுத்தது யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பழைய அம்மா, காலில் புண் ஆறவில்லை என்று வேலையை விட்டு நின்றுவிட்டாராம். வழி கேட்டுக்கொண்டு போனேன். வெண்ணந்தூர் தாண்டி இறங்கி நடந்தேன். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் சொல்வது எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு அந்தத் தறியில்தான் வேலை. இவர் தனியாக இருந்தார். என்னை அடையாளம் தெரிந்து, "வாங்க டீச்சர்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, நிதானமாகச் சொல்லத் தொடங்கினார்.

"சூட்டு ஒடம்புங்களே, என்ன பண்ணறது. நீங்க வந்து அளந்து சொன்னதுக்கப்புறந்தான் எனக்கே வெளங்குச்சு. வெள்ளி செவ்வாய் தவறாம எண்ணெய் தேச்சுத் தண்ணி வாத்துக்கிட்டேன். கோழிய உட்டேன், முட்டைய உட்டேன், மாம்பழம் வாயில வெக்கல. ராத்திரி வெந்தயம் ஊறப் போட்டு வெறும் வயித்துல முழுங்குவேன். மாரியாத்தா கோயலுக்கு வெள்ளித் தகட்டுல காலு வாங்கிப் போட்டேனுங்க. ஊட்டுக்காரரும் பேக்டரியில இருக்கறவங்களும் சூட்டு ஒடம்புக்காரின்னே பேரு வெச்சுட்டாங்க. சக்கரை இருக்குதான்னு பாத்தாங்க, அதுவும் இல்லீங்க. இன்னும் என்னத்த உடறதுன்னுதான் தெரியல."

ஊரெல்லாம் கோழிப் பண்ணை. ஒரு வீட்டிலும் முட்டை இல்லாத நாள் இல்லை. இவர் இரண்டு வருடம் அதைத் தொடாமல் இருந்திருக்கிறார். என் வாக்கியத்தை அவர் நம்பியிருக்கிறார். சூடு வெளியே இல்லை என்று படித்தவள் சொன்னால், உள்ளேதானே இருக்க வேண்டும். தர்க்கத்தில் பிழையே இல்லை.

"அக்கா, சூடு உங்க ஒடம்புல இல்லீங்க. அடுப்புலதான் இருந்துச்சு. நான் கணக்குல தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

தறிச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அதை இரண்டாம் முறை சொல்வது முதல் முறையை விடக் கடினமாக இருந்தது.

"என்ன தப்புங்க?"

"அடியை மீட்டரா மாத்தாம உட்டுட்டேன். இருந்ததைப் பத்துப் பங்குக்கு மேல கொறைச்சு எழுதிட்டேன்."

"பத்துப் பங்கா" என்றார், தமக்குள். பிறகு, "அப்ப நான் சொன்னது நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங்கக்கா."

அவர் குனிந்துகொண்டார். காலில் சுற்றியிருந்த துணியின் நுனியை இழுத்துச் சரிசெய்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"டீச்சர், அன்னைக்கு நீங்களும் அங்க நின்னீங்கல்ல. உங்களுக்குச் சுடலீங்களா?"

இதுவரை எழுதியதில் ஒன்றை நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். சொல்லக் கூச்சமாக இருந்தது. சுட்டது. அந்த மூலையில் நின்ற கொஞ்ச நேரத்தில் இரண்டு தரம் நான் பின்னால் நகர்ந்தேன். சேலையின் கீழ்ப் பகுதி காலில் பட்டபோது இப்போதுதான் இஸ்திரி போட்டது போல இருந்தது. மூன்றாம் முறை எண்ணைக் குறித்ததும் கருவியைக் கூடச் சரியாக மூடாமல் வாசலுக்கு வந்துவிட்டேன். அன்று மாலை கணக்குப் போடும்போது என் முகம் எரிந்துகொண்டுதான் இருந்தது. எரிகிற முகத்தோடு உட்கார்ந்து, வெயிலில் ஆறில் ஒரு பங்கு இல்லை என்று எழுதினேன். எண் வந்ததும் என் தோலை நானே நம்பவில்லை. அவருடைய தோலை எங்கே நம்பியிருப்பேன்.

"சுட்டதுங்க" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "உங்களுக்கும் சுட்டுருக்குது" என்று மட்டும் சொன்னார். உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, "இதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கறீங்களா?" என்றார்.

"எதுக்குங்கக்கா?"

"ஊட்டுக்காரருக்குக் காட்டத்தான். நான் சொன்னா நம்ப மாட்டாரு. அன்னைக்குப் பேப்பர்லதானுங்களே வந்துச்சு."

பையிலிருந்து நோட்டை எடுத்து, ஆயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வாட், ஒரு சதுர மீட்டருக்கு என்று எழுதிக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இதெல்லாம் அவருக்கு வெளங்காதுங்க. சுட்டுதுன்னு எழுதுங்க." அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீலு இல்லீங்களா? அன்னைக்கு ரவுண்டா ஒரு சீலு இருந்துச்சுங்களே."

மறுநாள் கல்லூரி முதல்வரிடம் போனேன். நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "தகடு வெச்சாச்சு, யாரும் புகார் பண்ணல. பேக்டரிக்கு ஒரு திருத்தம் அனுப்பினாப் போதும். அந்தம்மா கையில எதுக்கும்மா பேப்பர்? நாளைக்கு யாராவது எடுத்துக் கேட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிறகு, அந்த அம்மா பெயருக்குத்தான் வேண்டும் என்று சொன்னேன். என் பணிப் பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறும் என்றார். ஏறட்டும் என்றேன். அவரே முத்திரையை எடுத்து அழுத்தினார்.

சாயங்காலம் கொண்டுபோனபோது அந்த அம்மாவின் வீட்டுக்காரர் தறியிலிருந்து வந்திருந்தார். தலைமயிரிலும் மீசையிலும் பஞ்சு. என்னைப் பார்த்து எழுந்து நின்றார். நான் தாளை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் முத்திரை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, புருஷனிடம் நீட்டினார். வீட்டுக்காரர் வெளிச்சத்துக்குத் திரும்பி, உதடு அசைய, மனதுக்குள் படித்தார்.

"சத்தமாப் படிங்க" என்றார் அந்த அம்மா.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். கடைசி அடுப்பின் முன்னால் இருந்த வெப்பத்தைக் கல்லூரி தவறாகக் கணக்கிட்டு எழுதிவிட்டது. அது ஒருவர் நின்று வேலை செய்யக் கூடாத அளவு. சூடு அடுப்பிலிருந்து வந்தது, இவர் உடம்பிலிருந்து வரவில்லை. அந்த அடுப்பு சுட்டது. இவர் சொன்னது உண்மை. கடைசி வரியில் அவர் குரல் இறங்கிவிட்டது. தாளை மடித்தார். என்னையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை.

பக்கத்தில் தறி நின்றிருந்தது. அந்த அம்மா காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மடிக்காதீங்க" என்றார். "இன்னொருக்காப் படிங்க."